கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

— அதுக்குள்ள கலர் பொட்டிய மூடிட்டீங்களே. சூரியன் இப்பத்தான மேல வருது.

— வரட்டும் அம்புஜம். எனக்குத்தான் ஒண்ணும் வரல. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டுனா தொண்ணூறு நாளுல தீர்ப்புன்னாங்க. இன்னியோட தொண்ணூறு முடிஞ்சிபோச்சி. நீ சூலத்துல ஒழுங்கா கட்டுனியா?

— நீங்க எழுதிக் குடுத்த பேப்பர அப்படியே சுருட்டிக் கட்டுனேங்க.

— மாடு காணும், வரப்புத் தகராறுன்னு கட்டுவாங்க. நான் என்னா எழுதுனேன் பாரு. ‘படம் வரையிற தேவநாதன் எழுதிக்கிறது. மணிமுத்தா ஆத்து மேல எனக்குத் தெரிஞ்ச வெளிச்சம் போயிட்டுது, திருப்பிக் குடு.’ சாமி சிரிச்சிருக்கும்.

— கண்ணு நல்லாத்தான இருக்குது?

— கண்ணுக்கென்ன. தண்ணி தெரியுது, மணலு தெரியுது, பழமலைநாதர் கோபுரம் தெரியுது. முன்னெல்லாம் அந்த வெளிச்சத்துல சாமியே நிக்கிறாப்புல இருக்கும், கை தானா ஓடும். இப்ப வெறும் ஆறு. பிரஷ்ஷ எடுக்கவே அலுப்பா இருக்குது.

— டீ ஆறுது, குடிங்க. எனக்கும் பீங்கான் கம்பெனிக்கு நேரமாச்சு.

— நீ குடிச்சியா?

— ம்.

— என்னா சிரிக்கிற?

— கல்யாணமாயி பதிமூணு வருசம். இந்த நாலு மாசமாத்தான் இப்படிக் கேக்குறீங்க.

— வெளிச்சம் போயும் நாலு மாசம் ஆவுது பாரு. எங்க, கையக் காட்டு. என்னா இது, இப்படி வெடிச்சுக் கெடக்குது?

— களிமண்ணுலயே கெடக்குற கை. அறுவத்தி ஆறாம் வருசம் கம்பெனில வேலைக்குச் சேந்ததுலேருந்து இப்படித்தான்.

— நான் பாக்கவே இல்லியே.

— நீங்க ஆத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. பெரியவன் பொறந்தன்னிக்கு ஆளு வுட்டுக் கூப்புட்டோம். வெளிச்சம் போயிடும், அப்புறம் வரேன்னு சொல்லி அனுப்புனீங்க.

— அப்படியா சொன்னேன்?

— கோவமெல்லாம் இல்லீங்க. அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்.

— சரி வுடு. இன்னொரு பிராது எழுதுறேன். இந்தத் தடவ ரெண்டு பேருமா போயி கட்டுவோம்.

— வேணாங்க.

— ஏன்?

— அன்னிக்கு நானும் ஒண்ணு கட்டிட்டு வந்தேன். எனக்கு எழுதத் தெரியாதுல்ல, அங்க இருந்த ஒருத்தருகிட்ட சொல்லி எழுதுனேன். இவரு கேக்குறதக் குடுத்துடாத சாமி, எனக்கு இவரு வேணும்னு.