சொல்லாமலே செய்தவன்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தேநீர் நன்றாகத்தான் போடுகிறார்கள், ஐயா. கேட்ட பிறகு கொடுக்கிறார்களே, அது ஒன்றுதான் குறை. எங்கள் ஒனோதெரா விடுதியில் விருந்தாளி வாய்விட்டுத் தேநீர் கேட்டுவிட்டால், அன்று எங்களில் ஒருவனுக்குச் சோறு கிடையாது. இருமினால் வெந்நீர் வர வேண்டும். தோளைத் தடவினால் கணப்புச் சட்டி. வாசல் பக்கம் பார்த்தால் செருப்பு திருப்பி வைத்திருக்க வேண்டும்.

"அவங்க வாய் தொறக்கறதுக்கு முன்னாடி உங்க கை அசையணும்டா. சொன்னதச் செய்யறதுக்கு மாடு போதும், எனக்கு மனுஷன் வேணும்" என்பார் முதலாளி. பத்தொன்பது வருஷம் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு என் கை என் கையாகவே இல்லாமல் போயிற்று. இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலாளி ஒனோதெரா ஜின்பெய் கணவாயில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். கந்தக வாடை அடிக்கிறது என்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போன சரிவில், தானே கல் சுமந்து வெந்நீர் ஊற்றுக்குத் தொட்டி கட்டினார். அறுபத்தெட்டு வயதிலும் வருகிறவர் காலைத் தானே குனிந்து கழுவுவார். எந்த வியாபாரிக்கு எந்த ஊறுகாய் பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஷிரகிதா ஊரில் அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை உங்களுக்குக் கிடைத்திருக்காது. நானும் குறை சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அங்கே வெந்நீர்க்காரன். குளியலறைச் சுவருக்கு வெளியே நின்று, ஊற்று நீரோடு ஓடைத் தண்ணீரைக் கலந்து பதம் பார்ப்பது என் வேலை. உள்ளே குளிப்பவரை மூன்று தடவை குரல் கொடுத்துக் கேட்க வேண்டும், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று. அதைவிடப் பெரிய வேலை அடிவாய். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஒரு முழத்துக்குத் திறப்பு விட்டிருக்கும், அதற்குத்தான் அந்தப் பெயர். கந்தக ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து அந்த வழியாகத்தான் வெளியே போகும். மேலே ஜன்னல் சாத்தியிருந்தாலும் பாதகமில்லை. அடிவாய் அடைபட்டால் ஆள் பிழைக்க மாட்டார். முதலில் நாறும், பிறகு மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அப்புறம் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும் என்கிறார்கள். அதனால் பனிக்காலத்தில் அடிவாயில் விழும் பனியை உடனுக்குடன் நான் வாரிவிட வேண்டும்.

ஆறு குளிர்காலத்துக்கு முன்னால் மாகாண அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்து தங்கினார். குளிக்கும்போது அந்த அம்மாளுக்குக் கால் சில்லென்று இருந்ததாம். முதலாளி வந்து என்னிடம் சொன்னார். அடிவாய் வைக்கோலால் அடைபட்டது. அந்த அம்மாள் சட்டென்று குளித்துவிட்டுப் போய்விட்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் பனிச்சறுக்கு வண்டியில் கிளம்பினார்கள். விருந்தாளி கண்ணுக்கு மறைகிற வரை நாங்கள் அத்தனை பேரும் குனிந்து நிற்க வேண்டும், அது விடுதி வழக்கம். வண்டி பாலத்துத் திருப்பத்தில் பனியில் மாட்டிக்கொண்டது. மறையவில்லை. நாங்கள் குனிந்தபடியே நின்றோம். எனக்கு வைக்கோல் ஞாபகம் வந்தது, தலையைத் தூக்கினேன்.

"குனிடா தோமே" என்றார் முதலாளி, உதடு அசையாமல். "இன்னும் தெரியறாங்க."

அரை மணி நேரம் ஐயா. குதிரையின் பின்புறத்துக்கு மரியாதை செய்துகொண்டு அரை மணி நேரம். என் மனைவி ஷினோ வரிசையில் இல்லை, தொட்டி தேய்க்க உள்ளே போயிருந்தாள் என்பது நிமிர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தபோது கையில் தேய்க்கும் நாரோடு கிடந்தாள்.

இருதயம் நின்றுவிட்டது என்று முதலாளி எல்லோருக்கும் சொன்னார். சவ அடக்கச் செலவு முழுவதும் அவருடையது. மாதாமாதம் அவள் இறந்த தேதியில் வெள்ளைச் சோறும் மீனும் வைத்த தட்டு என் அறை வாசலில் இருக்கும். அவரே கொண்டுவந்து வைப்பார். எனக்கு மீன் வேண்டாம், ஐயா. "என்னால வந்த வினைடா தோமே" என்று ஒரு வார்த்தை வேண்டும். ஆறு வருஷம் அந்த வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் எவன் நினைப்பதையும் வாய் திறக்கும் முன்னால் கண்டுபிடிக்கிற மனுஷருக்கு நான் நினைத்தது மட்டும் தெரியாமல் போயிற்றாம்.

போன செவ்வாய்க்கிழமை கணவாய் பனியால் மூடி நாலு நாள் ஆகியிருந்தது. விருந்தாளிகள் யாரும் இல்லை. முதலாளி மத்தியானமே குளிக்கப் போனார்.

"தண்ணி எப்படிங்க முதலாளி?" என்று கேட்டேன்.

"எலும்பு வரைக்கும் இறங்குதுடா. நீயும் அப்புறம் வந்து இறங்கு, மூஞ்சியப் பாத்தா உறைஞ்ச முள்ளங்கி மாதிரி இருக்கே."

அப்போது கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அடிவாய்மேல் விழுந்தது. இடுப்பளவு இருக்கும். அதில் என் கை எதுவும் இல்லை.

"என்னடா சத்தம்?"

"கூரைப் பனிங்க."

"சரி."

பனி வாரும் பலகையைக் கையில் எடுத்துவிட்டேன். இரண்டு வாரு வாரியும்விட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. அப்போதுதான் அவர் பேசினார்.

"தோமே, இன்னிக்கு ஷினோ நாளு. தட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். எனக்கும் வயசாயிடுச்சு, எப்பவாச்சும் சொல்லணும்னு இருந்தேன். நான் அத யார்கிட்டயும் சொன்னதில்லடா. சாகற வரைக்கும் சொல்லவும் மாட்டேன். நீ மனசுல போட்டுக்காத."

என்னை மன்னிக்கிறாராம். ஆறு வருஷமாக என்னை மன்னித்து மன்னித்து மீன் வைத்திருக்கிறார். யார் யாரை மன்னிப்பது? பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் சரி என்றாரே தவிர பனியை வாரு என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, சொன்னதை மட்டும் செய்தேன்.

கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தடவை கேட்டேன். "நல்லா இருக்கு. வாடையே இல்ல இன்னிக்கு" என்றார், நாக்குக் குழறியது. மூன்றாம் தடவையும் கேட்டேன். பதில் வரவில்லை. வேலையில் நான் குறை வைக்கவில்லை, மூன்று தடவையும் முறையாகக் கேட்டேன். அப்புறம் ஒரு பாத்திரம் அரிசி வேகிற நேரம் அங்கேயே நின்று, அவர் தட்டினால் கேட்குமா என்று காதை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ஏதோ கேட்டது. நான் அசையவில்லை. கொன்றேன் என்றே எழுதுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் என்னிடம் சொன்ன வார்த்தை சரியாக என்ன என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். "அந்தம்மாவுக்குக் குளுருதாம், ஜன்னலச் சாத்திடு." அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தினேன். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. லாயத்திலிருந்து இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்து நான்தான் அடைத்தேன். அவர் சொல்லவில்லை, அப்போது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் சொல்லாமலே செய்ய என்னைப் பழக்கியது யார்?

இன்னும் ஒன்று இருக்கிறது. ஷினோவை வெளியே தூக்கிவந்து கிடத்தியதும், போலீஸ் வருவதற்கு முன்னால் அவர் ஓடிப்போய் அந்த வைக்கோலை உருவினார். அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். நான் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் செய்யாதவர் எதற்கு ஐயா வைக்கோலை ஒளிக்க வேண்டும்?