பின்பக்கத்துக் குழி

— அப்பத்தான் எம் மகன் கேக்குறான், ‘ஒனக்கு மேல ஒரு ஆளு வந்துருச்சாமே, இனிமே நீ தரையிலயாம்மா உக்காருவ?’ன்னு.

— அய்யோ ராமா! நீங்க என்னக்கா சொன்னீங்க?

— என்னத்தச் சொல்ல? ‘ஆமாடா, மீனலோசனி அக்கா எம்.சி.ஏ. படிச்சவுக, நாற்காலி அவுகளுக்கு, பாய் எனக்கு’ன்னேன். அத விடு. ஒன் பொட்டி என்ன சொல்லுது?

— மறுபடியும் நின்னுருச்சு நாகஜோதி அக்கா. கீபோர்டு பூராத்தையும் தட்டிப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது. அணைச்சுத்தான் போடணும்.

— நல்லாருக்கு போ! பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, நோட்டு அட்ட டிசைன் அம்புட்டும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. டிசைன் ரூம்ல ஒருத்தன் பாக்கியில்லாம கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கான். வந்த புதுசுல என்ன சொன்ன? ‘எல்லா ஃபைலையும் ஒரே சர்வர்ல வச்சுக்கலாம், லினக்ஸு, வருசக்கணக்கா அணைக்கவே வேணாம்’னு சொன்னியா இல்லையா?

— சொன்னேங்க்கா.

— எம் பழைய பொட்டி என்னைக்காச்சும் இப்படிப் படுத்துச்சா? தும்மும், இருமும், ஆனா ஒரு தட்டு தட்டுனா எந்திரிச்சுரும் தாயி.

— மெமரிய மாத்திட்டேன். பவர் சப்ளை புதுசு. நெட்வொர்க் கார்டு புதுசு. லினக்ஸையே அழிச்சிட்டு முதல்ல இருந்து ஏத்தியாச்சு. அது பாட்டுக்கு நடக்குறத எல்லாம் எழுதி வைக்கும், லாகுன்னு. அதையும் வரிவரியா படிச்சிட்டேன். நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னு எழுதிக்கிட்டே வருது, பட்டுன்னு நின்னுருது. விழுறப்ப ‘ஐயோ’ன்னுகூட எழுதலக்கா.

— ஞாயித்துக்கிழம போட்டுப் பாக்குறேன்னியே?

— அன்னைக்கு நாள் பூராவும் ஓடுச்சு. ஒரு தடவகூட நிக்கல. கட்டிங் மெஷின் ஓடுற நாள்லதான் இப்படி. அப்புறம் இன்னொண்ணு. இந்தப் பொட்டித் தகரத்தத் தொட்டுப் பாருங்க, கையில ஜிவ்வுன்னு கரண்டு ஏறுது.

— நான் எதுக்கும்மா தொடணும்? நீ வாங்கச் சொன்ன பொட்டி.

— நீங்க ரொம்ப வருசமா இங்க இருக்கீங்க. முன்னாடியும் இப்படி ஏறுமா?

— எனக்கெப்படித் தெரியும்? கோடைக்கு எல்லா மெஷினும் அப்படித்தான் இருக்கும்.

— ஒரு நிமிசம்க்கா, போன் அடிக்குது. ஹலோ. ஆமா சார், நின்னுருச்சு. எந்த ஸ்கூல் அட்டை? ஓ, அதுவா. அது நான்தான் சார் கை தவறி அழிச்சிட்டேன். காப்பி இருந்துச்சு, திருப்பி எடுத்தாச்சு. சரி சார். சனிக்கிழமைக்குள்ளயா? சரி சார். சரி சார்.

— என்னவாம் மொதலாளி ஹரிநாராயணன் சாருக்கு? நீங்க ரெண்டு பேரும் ஒங்க சௌராஷ்டிரா பாஷையிலதான பேசிக்குவீங்க. இன்னைக்கென்ன தமிழு?

— நீங்க பக்கத்துல இருக்கீங்களே.

— அம்மாடி, என்னா மரியாத! என்ன சொன்னாரு?

— சனிக்கிழமைக்குள்ள நிக்காம ஓடணுமாம். இல்லாட்டி உங்க பழைய பொட்டியவே எடுத்து வச்சிக்கிறோம், நீ வீட்டுக்குப் போகலாம்னுட்டாரு.

— ஒங்க சனம்தான, நெசமாவா வெரட்டிருவாரு?

— சனம்னா விட்டுருவாரா அக்கா? அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. எங்க வீட்டுல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான்.

— ம். அந்த ஸ்கூல் அட்டைய நீயா அழிச்ச?

— இல்லக்கா.

— பெறகு யாரு?

— விடுங்களேன்.

— சொல்லு தாயி.

— உங்க பேர்ல சர்வருக்குள்ள போயிருந்தப்பதான் அழிஞ்சிருக்கு. கை தவறியிருக்கும். அதான் திருப்பி எடுத்தாச்சுல்ல.

— ஓகோ! நாற்காலிய எடுத்துக்கிட்ட, ரூம எடுத்துக்கிட்ட. எனக்குன்னு ஒரு தப்பக்கூட மிச்சம் வைக்க மாட்டியா? நல்லவங்கிற பேரும் ஒனக்கேதான் வேணுமா?

— அக்கா, நான் அப்படியெல்லாம் நெனச்சு...

— நீ என்னத்தையும் நெனச்சுக்க. எம் புருசன் வாசல்ல வண்டியோட நிப்பாரு. போறேன்.

*

— எம்புட்டு நேரமா நிக்கிறீங்க மாமா?

— இப்பத்தான் வந்தேன், ஏறு. என்னத்தா, மொகத்துல சிரிப்பு இருக்கு, ஆனா சண்ட போட்டவ மாதிரி வாரே?

— அவ பொட்டி இன்னைக்கும் படுத்துருச்சு. சனிக்கிழமையோட அவ கத முடிஞ்சுது.

— யாரு, அந்த மீனாப் புள்ளையா? வேலைய விட்டு எடுக்குறாகளா?

— எடுக்கட்டும். வந்த அன்னைக்கே எம் பொட்டியத் தூக்கி மூலையில போட்டவதான. மொதலாளியும் அவளும் அவுக பாஷையில பேசிச் சிரிக்கிறப்ப, என்னயத்தான் சொல்றாகளோ, எம் மூஞ்சியத்தான் சொல்றாகளோன்னு அப்படியே வயிறு எரியும். எனக்கு ஒரு எழுத்து வெளங்குமா? தேவாங்கு மாதிரி பாத்துக்கிட்டு நிப்பேன்.

— கோயில் திருவிழாவப் பத்திப் பேசியிருப்பாக. வந்ததுல இருந்து ஒன் நெனப்பு பூராம் அவ மேலதான் இருக்கு. சரி, எதுக்காம் பொட்டி படுக்குது?

— யாருக்குத் தெரியும்? தொட்டா ஜிவ்வுன்னு ஏறுதாம்.

— அட, அது எர்த்துல்ல! நம்ம கெணத்து மோட்டாருலயும் கோடையில அதே கததான. கம்பியப் பொதச்ச குழி காஞ்சு போச்சுன்னா, தப்புக் கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியில்லாம மெஷினுக்குள்ளயே சுத்தும். நீதான் கம்பெனி பின்பக்கம் அந்தக் குழிக்கு தெனம் ஒரு கொடம் ஊத்துவியே? ‘ஊத்தாட்டி எம் பொட்டி மொரண்டு பிடிக்குது மாமா’ன்னு சொல்லுவ.

— லாரி வருது, ஓரமா ஓட்டுங்க.

— லாரி அங்கிட்டுப் போகுது. பேச்ச மாத்தாத. ஊத்துறியா இல்லையா?

— ஊத்தல.

— எப்பருந்து?

— அவ வந்ததுல இருந்து. அது எம் வேலைன்னு எவனாச்சும் சொன்னானா? எம் பொட்டிக்கு நான் ஊத்துனேன். அவ பொட்டிக்கு நான் எதுக்குக் கொடம் சொமக்கணும்? பெரிய படிப்புப் படிச்சவதான, அவளே கண்டுபிடிக்கட்டும்.

— கண்டுபிடிக்கலைன்னா?

— போகட்டும்.

— ம்.

— என்ன ‘ம்’? திட்டுறதுன்னா வாயத் தொறந்து திட்டுங்க.

— திட்டலத்தா. நீயே ஒன்னயத் திட்டிக்கிட்டுதான் வாரே.

— இன்னைக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா? நான் அழிச்ச ஃபைல, தான் அழிச்சேன்னு மொதலாளிட்ட சொல்லிட்டா. ஏற்கெனவே அவ வேல ஊசலாடுது, அதுல இதையும் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா. எனக்குச் செவுட்டுல அறஞ்ச மாதிரி இருந்துச்சு மாமா. அவள வையவும் முடியல, வாழ்த்தவும் முடியல.

— குன்றம் வந்துருச்சு. எறங்கி முருகனக் கும்பிட்டுட்டுப் போவமா?

— வேணாம். இன்னைக்கு எந்த மொகத்தோட போயி நிக்கிறது? வண்டிய ஓட்டுங்க.

*

— மீனா! இன்னைக்கு சனிக்கிழமை, ஞாபகம் இருக்கா? கணக்குத் தீர்க்கணும்னு வந்தேன். வந்து பாத்தா சர்வர் ஜோரா ஓடுதே!

— வாங்க சார். வியாழக்கிழமையில இருந்தே நிக்கல.

— கட்டிங் மெஷின் ஓடுறப்பவுமா?

— எல்லாமே ஓடுறப்பவும் சார்.

— சபாஷ்! என்னத்த மாத்தின?

— தெரியல சார்.

— தெரியலன்னா எப்படிம்மா? தெரியாம சரியானது தெரியாமலே கெட்டுப் போகுமே. நாகஜோதி, நீ இங்க பழைய ஆளு. ஒனக்காச்சும் தெரியுமா? சொல்லு, இந்த ரூமையே ஒன் பொறுப்புல விட்டுர்றேன்.

— எனக்கா சார்?

— ஒனக்குத்தான். ஏதோ சொல்ல வந்தியே, சொல்லு.

— எனக்கென்ன சார் தெரியும்? இந்தப் புள்ளதான் சோறு தண்ணியில்லாம ஒக்காந்து ஒவ்வொண்ணா கழட்டி மாட்டுச்சு. அதுல ஏதோ ஒண்ணு சரியாயிருக்கும். கெட்டிக்காரப் புள்ள சார். அனுப்பிராதீங்க.

— நீயா சொல்ற? ஒனக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஆகாதுன்னுல்ல கம்பெனியே பேசுது.

— பேசுறவுக பேசட்டும் சார்.

— சரி, நீ சொன்னா சரிதான். மீனா, நீ இரும்மா. அட்டை டிசைன் அம்புட்டும் இன்னைக்கே அச்சுக்குப் போயாகணும். நான் வாரேன்.

— சரிங்க சார்.

— போயிட்டாரு. இன்னும் என்ன வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? வேலையப் பாரு.

— ரூமையே தர்றேன்னாரே அக்கா.

— எனக்கு இந்த ஏ.சி. குளுரு ஆகாதும்மா. ஒரே தும்மலா வரும்.

— வாட்ச்மேன் தவசி அண்ணன் ஒண்ணு சொன்னாருக்கா.

— அவருக்கென்ன, ஊர்க்கத பேசுவாரு. என்ன சொன்னாரு?

— நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, நீங்க தெனமும் குடத்தோட பின்பக்கம் போவீங்களாம். எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்த.

— எப்பச் சொன்னாரு?

— புதன்கிழமையே. நீங்க கோவிச்சுக்கிட்டு வண்டியேறிப் போனீங்களே, அதுக்கப்புறம்.

— அப்ப அன்னைக்கே ஒனக்கு எல்லாம் தெரியும். பெறகு எதுக்குடி மொதலாளிட்ட தெரியலன்னு சொன்ன?

— எனக்கு நெசமாவே தெரியாதுக்கா. மறுநாள் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி நானும் ஒரு குடத்தோட பின்பக்கம் போனேன். எனக்கு முன்னாடியே யாரோ ஊத்திட்டுப் போயிருந்தாங்க, மண்ணு குளுந்து கெடந்துச்சு.