நாரையின் மூக்கில் ஈயம்

எனக்கு டீ போட வராது மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பால் பொங்கி வழிந்துவிடும், இல்லையென்றால் தூள் கூடிக் கசந்துவிடும். கல்யாணமான புதிதில் என் மாமியார் லட்சுமியம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே டீ என் டிபார்ட்மென்ட்டு தாயி, நீ வேற ஏதாச்சும் பாரு" என்றார். அன்றிலிருந்து டீப் பாத்திரத்தை நான் தொட்டதில்லை. உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதி வைத்திருக்கிற வாக்குமூலத்தில் நான் டீ போடுகிறவளாக இருக்கிறேன். கணவர் விமானம் கட்டியபோது டீ கொடுத்ததைத் தவிர சுமலதாவுக்கு வேறு எதுவும் தெரியாது என்று வாசித்துக் காட்டினீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் உன் மாமியாரைப் பாரும்மா, பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

நானும் பிரதாப்பும் ஒரே கம்பெனி பஸ்ஸில் சூளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நான் குவாலிட்டி, அவர் டிராயிங். அவர் போனில் விமானம் கட்டுகிற விளையாட்டு ஒன்று வைத்திருந்தார். இறக்கை, வால், எஞ்சின், சக்கரம் எல்லாம் துண்டு துண்டாகக் கிடைக்கும். நாமே கோர்த்து ஓடுபாதையில் விட்டுப் பார்க்கலாம். சரியாகக் கட்டினால் பறக்கும், தப்பாகக் கட்டினால் விழும். அவர் கட்டுவது பார்க்க லட்சணமாக இருக்கும். கிளம்பினதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழும். பேரண்டப்பள்ளி தாண்டுவதற்குள் எத்தனை தடவை விழுந்திருக்கும் என்று தெரியாது. பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"பாரம் பின்னாடி இருக்குதுங்க. மூக்குல ஏதாச்சும் கனமா வையுங்க" என்றேன்.

வைத்தார். பறந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டு உருண்டைகள் தெரியும். பாரம் மொத்தமும் எந்த இடத்தில் கூடுகிறது என்று ஒன்று காட்டும். இறக்கை எந்த இடத்தில் தூக்குகிறது என்று இன்னொன்று காட்டும். பார உருண்டை கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் போனால் மூக்கு நிமிரும், இறக்கைக்குப் பிடி விட்டுவிடும், அப்புறம் யார் ஓட்டினாலும் ஒன்றும் நடக்காது. உருவமும் பெயிண்டும் பிரதாப். உருண்டை இரண்டும் நான். எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

அதில் ஏமாற்றவும் வழி உண்டு. எந்தத் துண்டின் எடையையும் பூஜ்யம் என்று மாற்றிக்கொள்ளலாம். பார்க்க இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும், பாரமே இருக்காது. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். பிரதாப்பும் கேட்பார், "யாரு சுமா உள்ள பிரிச்சுப் பாக்கப் போறா?" நான் விடமாட்டேன். நிஜத்தில் எது எத்தனை கனமோ, அத்தனை கனம் அதற்கு வேண்டும். கனமில்லாத பெட்டி பொய்தானே. "வந்துட்டாங்க ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். "ரெண்டு பேரும் பிளேன்லயே குடித்தனம் பண்ணுங்க, நான் இந்த வீட்ட வாடகைக்கு விட்டுர்றேன்" என்பார் அத்தை. பிரதாப்பின் தம்பி கௌதம் பெங்களூரிலிருந்து வருகிற வாரங்களில் எங்கள் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, "அண்ணி, இப்ப அந்த உருண்டைய எங்க தள்ளுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சந்தோஷமான வீடு மேடம். இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாரை அப்படிப் பிறந்ததுதான். ஒரு ஆள் உட்காருகிற சின்ன விமானம். எஞ்சினும் விசிறியும் பின்னால், ஆள் முன்னால். எஞ்சின் பின்னால் இருப்பதால் மூக்கில் ஈயம் வைத்தே ஆக வேண்டும். எங்கே, எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. 'சுமாபிரதாப்' என்ற பெயரில் அதை இணையத்தில் போட்டோம். பிரேசிலில் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, நிஜ விமானம் மாதிரியே நடந்துகொள்கிறது என்று எழுதியிருந்தார். அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி வைத்திருக்கும் ஒருவர், இதை நிஜமாகவே கட்டுங்கள், செலவு என்னுடையது என்றார். ஓசூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற முனிராஜ் கட்டினார். கட்டி முடித்து, அடியில் ஒரு குழாயைக் கொடுத்து, பிரதாப்பை உட்கார வைத்துத் தராசு மாதிரி நிறுத்திப் பார்த்தோம். வால் போய்த் தரையில் உட்கார்ந்தது. "ஹிந்தெ பாரா ஜாஸ்தி அக்கா" என்று முனிராஜ் அவர் கன்னடத்தில் சொல்லிப் பின்னால் கையைக் காட்டினார். ஒல்லியான ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும்படி நான் சொன்ன கனத்துக்கு ஈயக்கட்டி கொண்டுவந்து, கறுப்பு டேப் சுற்றி, மூக்கில் கிளாம்ப் போட்டு மாட்டினோம். நாரை நேராக நின்றது. "அக்கா தலையில கம்ப்யூட்டர் ஐதெ" என்றார் முனிராஜ். பிரதாப் அப்போது போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு யூடியூப் சேனலிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு அத்தை டீ போட்டார். தட்டை நான் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறேன். அந்தப் பையன் கேட்கிறான், "வீட்ல எப்படி சார் சப்போர்ட்டு?" பிரதாப் சிரித்துக்கொண்டே சொல்கிறார், "அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. நேரா நேரத்துக்கு டீ மட்டும் கரெக்டா வந்துரும்." சொல்லி வாய் மூடவில்லை, நான் தட்டோடு நிற்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடியோவில் தெரியும், பாருங்கள்.

அன்று இரவு லேப்டாப்பைத் திறந்தால் எங்கள் இணையக் கணக்கின் பெயர் 'பிரதாப் ஏவியேஷன்' என்று மாறியிருந்தது. கேட்டேன். "ஒரு பேருதான் சுமா மனசுல நிக்கும். ரெண்டு பேரப் போட்டா எவனும் சீரியஸா எடுத்துக்க மாட்டான். நீயும் நானும் ஒண்ணுதானே" என்றார். ஒன்றுதானே என்றால் என் பெயரை வைத்திருக்கலாமே என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குள் அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். வேறு ஒருத்தியோடு போயிருந்தால்கூட எனக்கு அத்தனை எரிந்திருக்காது. அப்படி எரிந்தது மேடம். அதை மறைக்கவில்லை. கம்பெனி கேன்டீனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "சுமாக்கா, நமக்கொரு டீ" என்று கேலி பண்ணினார்கள். கேலிதான். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பறக்கவிடுகிற நாளுக்கு முன்தினம் பட்டறைக்குப் போனேன். முனிராஜ் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மூக்கைத் திறந்து, ஈயத்தைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அதே அளவுக்கு வீட்டில் வெட்டி வைத்திருந்த தெர்மாகோலை, அதே கறுப்பு டேப் சுற்றி, அதே கிளாம்பில் மாட்டினேன். பார்க்கக் கட்டி மாதிரியே இருந்தது. பாரம் மட்டும் இல்லை. விளையாட்டில் நான் ஒரு நாளும் செய்யாத காரியம் அது.

கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. பிரதாப்பின் எடை எனக்குத் தெரியும். நல்ல கனமான ஆள். அவர் முன்னால் உட்கார்ந்தால் ஈயம் இல்லாததில் பாதியை அவர் உடம்பே சரிக்கட்டிவிடும். நாரை ஓராள் உயரம் எழும்பும், மூக்கை ஆட்டும், தொப்பென்று உட்காரும். சக்கரம் வளையும். அவருக்கு இடுப்பு பிடிக்கலாம். கேமரா முன்னால் ஒன்றும் புரியாமல் நிற்பார். அப்புறம் என்னிடம் வருவார். "என்ன சுமா தப்பு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார். அதற்குத்தான் ஆசைப்பட்டேன். பேராசை என்று சொல்வீர்களா?

கிரானைட் காரரின் காலி நிலத்தில் காலையிலேயே ஊர் கூடிவிட்டது. பிரதாப் புது ஜாக்கெட் போட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஹெல்மெட்டைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே இருந்தவர், திடீரென்று கேமராவைப் பார்த்து, "என் டிசைன் மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை. என் கூடப்பொறந்த தம்பியையே உக்கார வைக்கிறேன்" என்றார். கௌதம் பாராகிளைடிங் பழகியவன். கூப்பிட்டதும் ஓடி வந்தான். ஒல்லி உடம்பு. அண்ணனில் பாதிதான் இருப்பான்.

மைக்கை அவன் முன்னால் நீட்டி, இதை யார் கட்டியது என்று கேட்டார்கள். கௌதமுக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன். என்னை ஒரு தடவை பார்த்தான். "எங்க அண்ணன்தாங்க, வேற யாரு?" என்றான்.

நான்தான் அவனுக்கு பெல்ட் மாட்டினேன். முனிராஜ் மூக்கைத் திறந்து எட்டிப் பார்த்தார். கறுப்பு டேப் தெரிந்தது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "எல்லாம் கரெக்டா இருக்குதா அண்ணி?" என்று கௌதம் கேட்டான். "இருக்குது" என்றேன். தோள் பட்டையை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினேன். லூசாக இருந்தால் வலிக்கும்.

நாரை ஓடியது, எழும்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். மூக்கு நிமிர்ந்தது. இன்னும் நிமிர்ந்தது. கௌதம் மூக்கை இறக்க, ஓட்டுகிற கம்பை முன்னால் தள்ளியிருப்பான், தள்ளிப் பிரயோசனமில்லை. நான் நினைத்த இடத்தில், நினைத்த பக்கமே இடதுபுறம் சாய்ந்தது. பெட்ரோல் பற்றிக்கொண்டது. நினைத்த இடம் என்று சொன்னேன் இல்லையா, அதையும் விளக்கிவிடுகிறேன். ஈயம் இல்லாமல் நாரையை விளையாட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போனேன். பிரதாப்பின் எடை வைத்துப் பார்த்தேன். கௌதமின் எடை வைத்தும் பார்த்தேன். அவர் கடைசி நேரத்தில் பயந்துவிடுவார் என்று கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? எல்லா வகையிலும் பார்த்துக்கொள்வது என் வேலைப் பழக்கம். கௌதம் எடைக்கு ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

தெர்மாகோல் எரிந்துபோய்விட்டது. சாம்பலில் ஈயம் உருகிக் கிடந்திருக்க வேண்டும், கிடக்கவில்லை. உங்கள் ஆட்கள் யாருக்கும் அதைத் தேடத் தோன்றவில்லை. கட்டி எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. அத்தையைத் தொந்தரவு பண்ணாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்று நாளாக அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று பிரதாப் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாராம். "கணக்கெல்லாம் என் பொண்டாட்டி போட்டதுங்க, அதுலதான் தப்பு" என்று. பறக்கும் என்று நினைத்தவரை அவருடையது. விழுந்ததும் என்னுடையது. நீங்கள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, பழியைப் பெண்டாட்டி தலையில் கட்டுகிறாயா என்று அவரை அதட்டினீர்கள். அந்த ஒரு டீ வார்த்தை என்னைக் காப்பாற்றிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி தப்பு மேடம். கணக்கு நான் போட்டது, அது வாஸ்தவம். கணக்கில் தப்பு என்று இன்று பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள். வடிவமைப்புக் கோளாறாம். நாரையில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஈயம் அதன் இடத்தில் இருந்திருந்தால் கௌதம் ஒரு வட்டம் அடித்து இறங்கி வந்திருப்பான்.

ஒன்று விட்டுப்போச்சு. பெல்ட் மாட்டும்போது அவன் என் காதருகில் குனிந்து ஒன்று சொன்னான். "எறங்குனதும் கேமரா முன்னாடியே சொல்லிர்றேன் அண்ணி, நீங்கதான் பண்ணுனீங்கன்னு. இப்பச் சொன்னா அண்ணன் டென்ஷனாயிருவான்." எஞ்சினை இன்னும் போடவில்லை. தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் எல்லாரும் அப்புறம் சொல்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு யார் மேலும் இப்போது கோபம் இல்லை. அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். எதுவும் தெரியாது என்ற வரியை அடித்துவிடுங்கள். நாரையை வடிவமைத்தது சுமலதா, கணக்கு சரி என்று முதல் வரியில் எழுதுங்கள். கௌதம் விஷயத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.