உதவிப் புரதம்

பாக்டீரியா வளர்க்கும் அறை நாறும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஈரத் துணியை வாளியிலேயே மறந்துவிட்டது போன்ற வாடைதான். சீக்கிரம் மூக்குக்குப் பழகிவிடும் மேடம். எனக்குப் பழகாதது வேறு.

என் கணவருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி சுரக்காது. அது இல்லாவிட்டால் உடம்பின் கழிவு உடம்பிலேயே தேங்கும். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே படுத்துவிட்டார். நான்தான் உடம்பு துடைத்துவிடுவேன், கஞ்சி ஊட்டுவேன். சத்தமில்லாமல் விழுங்குவார். அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் கிடையாது.

அந்த நொதியை ஆய்வகத்தில் செய்தவளும் நான்தான். அதற்கான மரபணுவைக் கத்தரி மாதிரியான வேறொரு நொதியால் வெட்டி எடுத்து, வளையம் போன்ற சிறு டிஎன்ஏவில் இன்னொரு நொதியால் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்புவோம். அது பெருகப் பெருக வளையமும் பெருகும். பிறகு சர்க்கரை மாதிரியான ஒன்றைக் காட்டி உசுப்பினால், தன் வேலையை விட்டுவிட்டு நம் புரதத்தை, அதாவது அந்த நொதியை, செய்யும். அவசரத்தில் செய்வதால் புரத இழை சிக்கிக் கட்டி தட்டிவிடும். சரியாக மடிந்தால்தான் புரதத்துக்கு உயிர். சொல்லிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அப்படி மடியக் கைகொடுக்கவென்றே உதவிப் புரதங்கள் உண்டு. அவற்றையும் அதே பாக்டீரியாவிலேயே செய்ய வைத்தேன். மருந்து வந்தது. அவர் ஒருவருக்கு மட்டும் போட ஆஸ்பத்திரி அனுமதித்தது.

எழுந்து உட்கார்ந்தார். நடந்தார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு உயிர் குடுத்தவ நீதாம்மா" என்று அழுதார்.

பிறகு என் கணவர் சாப்பிட ஆரம்பித்தார்.

வாயைத் திறந்து மெல்லுவார். அரைபட்டது நாக்கில் உருள்வது தெரியும். உறிஞ்சிய எலும்பை மேசைமேலேயே துப்புவார். பல்லிடுக்கில் இருப்பதை நகத்தால் எடுத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். குளியலறைச் சல்லடையில் அவர் முடி சளியோடு சுருண்டு கிடக்கும். "உன் மருந்து வந்தப்புறம்தான் பசின்னா என்னன்னே தெரியுது" என்று ஏப்பம் விட்டு, அதே வாயால் என் கன்னத்தில் முத்தம் கொடுப்பார். தோல் எரியும்வரை தேய்த்துக் கழுவுவேன்.

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்களேன்" என்று சொல்லியும் பார்த்தேன்.

"இத்தனை வருஷம் மூடிக்கிட்டுத்தானே கிடந்தேன்" என்றார்.

அடுத்த தடவை மருந்துக்கு, உதவிப் புரதம் செய்யாத பாக்டீரியாவை எடுத்து வளர்த்தேன். பக்கத்து மேசை அக்கா கவனித்துவிட்டார். "உதவி இல்லாம எப்படி மடியும்?" என்று கேட்டார்.

"மடியுதான்னு பாக்கலாம்க்கா" என்றேன்.

மடியவில்லை. கெட்டுப்போன பால்போலக் கட்டி கட்டியாக அடியில் படிந்தது. மேலே தெளிந்து நின்ற, மருந்தே இல்லாத நீரைச் சுத்தமாக வடித்துக் குப்பியில் அடைத்தேன். தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

அவர் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்று டாக்டர் நினைத்தார். அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பசி போனது. பேச்சு குறைந்தது. மறுபடி கஞ்சி ஊட்டினேன். ஊசி போடும்போதெல்லாம் கையை நீட்டி, "நீ போட்டா வலிக்கிறதே இல்ல" என்பார். உயிர் போகும்போது அவர் உடம்பில் ஒரு அழுக்கு கிடையாது, நகம்கூட வெட்டிவிட்டிருந்தேன்.

ஆமாம், இறந்துவிடுவார் என்று தெரிந்தே செய்தேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விஷம் எதுவும் கலக்கவில்லை. இருந்த ஒரு உதவியை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை யாரும் சந்தேகப்பட முடியாது.

அவருடைய தம்பிக்கும் அதே குறை தலைகாட்டியிருப்பதாக இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பாவம். சரியான பாக்டீரியா ஆய்வகத்தில் உறைந்த நிலையில் பத்திரமாக இருக்கிறது. மருந்தை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முதலில் அவர் படுக்கையில் விழட்டும் மேடம், பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.