லூவெனியாவுக்கு வந்த தகவல்

1962 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை

இன்று மாலை வகுப்பில் ஒரு பிழை செய்துவிட்டேன். சின்னப் பிழைதான். செயலாளர் பயிற்சியில் இந்த வாரம் தொலைபேசித் தகவல் எழுதிக்கொள்ளும் பாடம். மிசஸ் ப்ளண்ட் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையையே ரிசீவராகக் காதில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் இருக்கும் ஒரு முதலாளியைப் போலப் பேசினார். யார் பேசியது, யாருக்கு, என்ன செய்தி எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதை அவரிடமே திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்த்தேன். எந்த நேரத்தில் பேசினார் என்பதை மட்டும் குறிக்க மறந்துபோனேன்.

"நேரம் எங்கே, மிஸ் நெட்டி டில்மன்?" என்று கேட்டார். "நேரம் போடலைன்னா இதை இன்னைக்கும் குடுக்கலாம், அடுத்த வாரமும் குடுக்கலாம்னு ஆயிடும். அதுக்குப் பேர் தகவல் இல்ல. வம்பு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தினமும் ஏதாவது ஒரு விஷயத்தை, நடந்த வரிசையில், அலங்காரம் இல்லாமல் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு என் தோழி லூவெனியாவின் குரலைப் பற்றி எழுதுகிறேன். வரிசை எங்காவது தவறினால் அது என் பயிற்சிக் குறைவு. எதையும் மறைப்பதற்காக அல்ல.

எங்கள் வீட்டில் தொலைபேசி இருக்கிறது. அப்பா ரயிலில் போர்ட்டர். எந்த நேரமும் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று வைத்தது. லூவெனியா வீட்டில் தொலைபேசி கிடையாது. எங்களோடு பாடும் பெர்னடீன் வீட்டில் இருந்ததைத் துண்டித்துவிட்டார்கள். அதனால் எங்கள் பாட்டுக் குழுவின் அட்டையில் என் வீட்டு எண்தான் அச்சாகியிருக்கிறது. தியேட்டர்காரர்கள், வானொலிக்காரர்கள், கவுன் வாடகைக்குக் கொடுப்பவர், லூவெனியாவைப் பார்க்க ஆசைப்படும் பையன்கள் என எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் லூவெனியா வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்வேன். ஜூலை மாதம் வரை ஒரு தகவல்கூடத் தவறியதில்லை. இதை முதலில் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

குழுவை ஆரம்பித்தது நான். பள்ளியில் பெண்கள் கழிப்பறைச் சுவரெல்லாம் பீங்கான் ஓடு. அங்கே பாடினால் ஏழைக் குரலும் பணக்காரக் குரலாகத் திரும்பி வரும். நானும் பெர்னடீனும் மதிய உணவைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அங்கே நிற்போம். மூன்றாவது ஆள் தேவைப்பட்டதால் லூவெனியாவைக் கூட்டி வந்தேன். "அவளுக்குக் குரலே இல்லையேடி, பூனை கதவைச் சுரண்டுற மாதிரி இருக்கு" என்றாள் பெர்னடீன். உயரம் பொருந்துகிறது என்றேன் நான். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் குத்தியிருந்த நீலப் பூவைப் பார்த்துப் பெரிவிங்கிள்ஸ் என்று பெயர் வைத்ததும் நான். யார் எந்தச் சுருதியில் நிற்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்ததும் நான். புதுப் பாடகர்களுக்கான போட்டியில் நான்தான் முன்னால் நின்று பாடினேன். ஜெயித்தோம். மிஸ்டர் ஹாலெக் மேடைக்குப் பின்னால் வந்து, நியூயார்க்கில் இருக்கும் தன் பதிவுக்கூடத்துக்கு வரச் சொன்னார்.

அந்தப் பதிவுக்கூடத்தில் பாடுகிறவர்களுக்கு ஒரே ஒரு மைக்ரோஃபோன். குரலின் கனத்தைப் பார்த்து ஆளை நிறுத்துவார்கள். சின்னக் குரல் பக்கத்தில், பெரிய குரல் தள்ளி. மிஸ்டர் ஹாலெக் எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக் குனிந்து தரையில் கோடு போட்டார். லூவெனியாவின் கோடு மைக்ரோஃபோனின் வாயருகே. பெர்னடீனின் கோடு அவளுக்குப் பின்னால். என்னைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, கடைசியில் கதவோரம், கோட்டு மாட்டும் ஸ்டாண்டின் பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

"நல்ல குரல்தான் உனக்கு. ஆனா மைக்கைத் தின்னுடும். சர்ச்சுல பாடு, கூரை பறக்கட்டும். இங்க வேணாம்" என்றார்.

லூவெனியா சுரண்டுகிற குரலில் காதுக்குள் ரகசியம் சொல்வதுபோலப் பாடினாள். நான் ஈரக் கோட்டுகளின் வாசனையில் நின்று பாடினேன்.

இசைத்தட்டு வெளிவந்ததும் பொரித்த கோழிக்கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் காதை வைத்துக் கேட்டேன். என்னைக் காணவில்லை.

"இருக்குடி, நல்லாக் கேளு" என்றாள் பெர்னடீன். "ஏதோ ஒரு கோட்டுப் பைக்குள்ள இருக்கும்."

லூவெனியா சிரித்தாள். வாய் நிறையக் கோழியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் தோளில் கை போட்டு, "விடு நெட்டி, அடுத்த தட்டுல நீ பாடு, நான் கோட்டு ஸ்டாண்டைப் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் அப்படி இரக்கப்பட்டது எனக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

இரண்டாவது தட்டில் பெயரை மாற்றி அச்சடித்தார்கள். லூவெனியாவும் பெரிவிங்கிள்ஸும். அந்தத் தட்டு நன்றாக ஓடியது. பேருந்தில் தெற்கே போனோம். ஒரு நாளுக்குப் பல காட்சிகள். கறுப்பர்களை உள்ளே விடாத உணவகங்களின் பின்ஜன்னலில் வாங்கிய மீனைப் பேருந்திலேயே தின்றோம், மூன்று பேரும் ஒரே மாதிரி விக்கைச் சீவிச் சீவி மாட்டினோம். லூவெனியாவின் காலை நேரக் குரல் மாறத் தொடங்கியதை முதலில் கவனித்தது நான். எனக்குக் காது உண்டு. ஊருக்குத் திரும்பியதும் நான்தான் அவளை டாக்டர் வின்ஃபீல்டிடம் கூட்டிப் போனேன். இதையும் பதிவு செய்ய வேண்டும். கெட்ட எண்ணம் இருந்தால் கூட்டிப் போயிருப்பேனா?

டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். இன்னொரு டாக்டரையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். லூவெனியா என் வீட்டு எண்ணைக் கொடுத்தாள்.

ஜூலையில் ஒரு மதியம் கூப்பிட்டார். குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, இப்போது பட்டாணியில் பாதிகூட இல்லை, லூவெனியா ஆறு வாரம் வாயே திறக்காமல் இருந்தால் தானாகக் கரைந்துவிடும் என்றார். பாடக் கூடாது, பேசக் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல். மீறிப் பாடினால் முடிச்சு இறுகிவிடும், கத்தி வைக்க வேண்டியிருக்கும், அதன் பிறகு குரலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினேன்.

"அருமையா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். "இவ்வளவு பொறுப்பா யாரும் கேட்டுக்க மாட்டாங்க."

கோட்டை எடுக்கப் போனேன். வெயில் காலம், கோட்டு தேவையில்லை என்று பிறகுதான் நினைவு வந்தது. தெருவில் நடந்தபோது என்ன நினைத்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை ஏற்கனவே தெரிந்து, வழியை மட்டும் எழுதுவதுபோல இருந்தது.

லூவெனியா சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேனேஜரம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? செத்துருவேன்னு சொன்னாரா?"

"சளிதானாம்" என்றேன். "பாடாம விட்டா இறுகிடுமாம். பாடிப் பாடித்தான் இளக்கணுமாம்."

"அப்பாடா." கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் சோளமாவு. "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடி. குரல் போச்சுன்னா எங்கம்மா மாதிரி அடுத்தவங்க வீட்டுத் தரையத் தேய்க்கப் போகணுமேன்னு. மறுபடி போய்க் காட்டணுமா?"

"தேவையில்லையாம்."

ரொட்டியில் மீனை வைத்து, காரச் சாறு விட்டு எனக்குத் தந்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி தொலைபேசி அடித்தது. மிஸ்டர் ஹாலெக். "லூவெனியா ஒரு மாசமா என் உயிரை எடுக்கிறா" என்றார். "அடுத்த தட்டோட மறுபக்கம் நீதான் பாடணுமாம். இல்லேன்னா அவளும் பாட மாட்டாளாம். சரின்னு சொல்லிடு அவகிட்ட. உன் சுண்ணக்கட்டிக் கோட்டை நகர்த்திப் போடுறேன், ஏதாவது செய்வோம்."

நியாயமாக எழுத வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். திருத்திக்கொள்ள அப்போது நேரம் இருந்தது. மீன் வாசனைகூட என் கையிலிருந்து போகவில்லை. ஆனால் மறுபக்கம் என்பது மறுபக்கம்தான். கோழிக்கடையில் யாரும் தட்டைத் திருப்பிப் போடுவதில்லை. மிஸ்டர் ஹாலெக்கின் தகவலை அன்றே ஒரு சொல் விடாமல் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் நாற்காலியைச் சுற்றி ஆடினாள்.

அதன் பிறகு தினமும் அவளைப் பாட வைத்தேன். எங்கள் சமையலறையில், ஜன்னலை மூடிவிட்டு, உச்ச ஸ்தாயியில். வலிக்கிறது என்பாள். இளகுகிறது என்பேன். "பாவம்டி, விடு அவளை" என்று பெர்னடீன் ஒருமுறை சொன்னாள். டாக்டர் சொன்னதைத்தானே செய்கிறோம் என்று லூவெனியாவே அவளுக்குப் பதில் சொன்னாள்.

செப்டம்பரில் பால்டிமோர் மேடையில், இரண்டாவது பாட்டில், லூவெனியா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தாள். முன்வரிசையில் ஒருவன், "ஏ பொண்ணே, ஒயரைச் சொருகிட்டு வா" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பள்ளிக் கழிப்பறையில் சுருதி மறந்துபோனால் பார்ப்பாளே, அதே பார்வை. நான் முன்னால் நடந்து மைக்ரோஃபோனைப் பிடித்துப் பாடினேன். சிரிப்பு நின்றது. கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் குரல் எந்த மைக்கையும் தின்னவில்லை.

மிஸ்டர் ஹாலெக்குக்கு ஒரே கவலைதான். "பேரை மாத்தினா தட்டு விக்காது. ஒரே உயரம், ஒரே விக். இனிமே நீதான் லூவெனியா. அவளை மாதிரியே சுரண்டிப் பாடணும், தெரியுதா?"

"தெரியுது சார்."

கோட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த என் சுண்ணக்கட்டிக் கோட்டை அவரே காலால் தேய்த்து அழித்தார். நாளை பதிவாகும் தட்டில் அவள் பெயர்தான் இருக்கும். அது என்னை வருத்தவில்லை.

லூவெனியா இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள், அழுத்திப் பாடினால் கொஞ்சம் குரல் வருகிறது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தப்புதான் நெட்டி. இன்னும் பாடுன்னு நீ சொன்னே. நான்தான் வலிக்குதுன்னு பாதில பாதில நிறுத்திட்டேன்" என்றாள். அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்வதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று ஆறுதல் சொன்னேன்.

இன்று வகுப்புக்குக் கிளம்பும் முன் டாக்டர் வின்ஃபீல்ட் கூப்பிட்டார். லூவெனியா ஏன் திரும்ப வரவில்லை என்று கேட்டார். ஊர் ஊராகப் போவதில் நேரம் கிடைக்கவில்லை என்றேன். இப்போது எப்படி இருக்கிறாள் என்றார். சொன்னேன். பிறகு, ஆஸ்பத்திரி இலவச வார்டில் வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சைக்கு ஒரு படுக்கை இருக்கிறது, இதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றார். அதுவரை ஒரு சத்தமும் கூடாது. பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாது, பேச்சையாவது காப்பாற்றலாம். இன்னும் ஒருமுறை முழுக் குரலில் பாடினால் அதுவும் போய்விடும்.

எழுதிக்கொண்டேன். திருப்பிப் படித்துக் காட்டினேன். நன்றி சொன்னார்.

மிசஸ் ப்ளண்ட் கண்டுபிடித்த அதே பிழையை அந்தத் தாளிலும் செய்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நேரம் போடவில்லை. லூவெனியாவிடம் அவசியம் சொல்வேன். ஒருவரின் தகவலை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. பதிவு முடிந்ததும் சொல்வேன்.

நாளை செய்ய வேண்டியது: பதிவுக்குப் போகும் வழியில் லூவெனியா வீட்டுக்குக் கோழி சூப் கொண்டுபோக வேண்டும், தொண்டைக்கு இதமாக இருக்கும். புதுப் பாட்டை அவளைப் போலவே பாட எனக்கு இன்னும் வரவில்லை. முதலிலிருந்து கடைசி வரை, முழுக் குரலில், ஒருமுறை பாடிக் காட்டச் சொல்ல வேண்டும்.