நாற்பத்தொன்றாவது கார்டு

அந்த வீட்டில் காபி நன்றாக இருக்காது, சார். ஆனாலும் ஒன்பது வருடமாக, ஞாயிறுதோறும் டொலீடோவிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அதைக் குடித்தேன். ஆர்லோ பெட்டிக்ரூவுக்காக.

உங்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. அதைத்தான் சொல்கிறேன், யாருக்குமே தெரியாது. பதினான்கு சீசன் பேஸ்பால் ஆடியவர். இரண்டாவது பேஸில் அவர் நின்றால் அந்தப் பக்கம் ஒரு பந்து தாண்டாது. அதற்கு ஒரு விருது உண்டா? ஆட்டக்காரர் படம் போட்டு அச்சடித்து விற்பார்களே, அந்த மாதிரி அவர் கார்டுகளைக் கடைக்காரர்கள் பத்து சென்ட் மலிவுப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

அவருக்கு மொத்தம் நாற்பத்தொரு விதமான கார்டு அச்சானது. நாற்பதில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். மிச்சம் அவருடைய முதல் கார்டு, 1968. அதில் பெயர் அவருடையது. படம் அதே அணியில் இருந்த டுவேன் கோய்லுடையது. அச்சடித்தவர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள், கடைசிவரை திருத்தவும் இல்லை.

"அது என் மூஞ்சியே இல்லையே, மெர்ல். கோய்ல் மூஞ்சில கையெழுத்துப் போட நான் என்ன அவன் பொண்டாட்டியா?" என்பார். சிரிப்பார். நானும் சிரிப்பேன். திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டி அழுதிருக்கிறேன்.

எனக்கு வேலை போயிற்று, பின்னாலேயே மனைவியும் போனாள். நாற்பத்தொன்றும் சேர்ந்தால் வாழ்க்கையில் ஒன்றையாவது முழுதாகச் செய்தேன் என்று ஆகும். நாற்பது என்றால் ஒன்றுமே இல்லை, சார்.

போன ஞாயிறு அவர் சொன்னார்: "செவ்வாக்கிழமை பொண்ணு வந்து என்னை அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போறா. இனிமே ஃபோன்லதான் பேச்சு."

கார்டை நீட்டினேன். முட்டி போட்டுக் கெஞ்சினேன். "போடா கிறுக்கா" என்று எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெர்ல்... மாத்திரை. ஜன்னல்ல இருக்கு."

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. உடனே எடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே எடுத்தேன். ஒரு கையில் குப்பி, இன்னொரு கையில் கார்டு. கார்டை மேஜையில் வைத்து, பேனாவை அவர் விரல்களுக்குள் செருகினேன்.

"ஒரே ஒரு கையெழுத்து, மிஸ்டர் பெட்டிக்ரூ. ரெண்டு செகண்டு."

எழுதினார். மூச்சு இழுத்தது, ஆனாலும் எழுதினார். எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து இல்லை. கோய்லின் முகத்துக்குக் குறுக்கே 'தயவுசெய்து' என்று இருந்தது.

நான் கோபப்படவில்லை. கார்டைத் திருப்பி வைத்தேன். பின்பக்கம் அவர் ஆடிய கணக்குதான் இருக்கும், யார் முகமும் கிடையாது. அங்கே போடுவதில் தப்பில்லையே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பதினொரு நிமிடம் காத்திருந்தேன். பேனா தரையில் விழுந்த பிறகு குப்பியைத் திறந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் மகள் என்னைக் கொலைகாரன் என்கிறாள். பாவம், அப்பாவின் அருமை அவளுக்கு எங்கே தெரியும்? அவருடைய ஒரு கார்டுகூட அவளிடம் இல்லை. மாத்திரை தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை, சார்.