மோசமான சீரியல்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து கிளம்பிய காலை கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "அந்தக் கொரியா சீரியல் சுத்த மோசம் லா. பதினாறு எபிசோடும் பார்த்துட்டேன்."

"பிடிக்கலன்னா ஏங்க்கா பார்த்தீங்க?"

"ஒனக்குத்தான் தெரியுமே, வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு மாசமா பேச்சே இல்ல. நாலாவது எபிசோட்ல ஒரு டாக்டர் வந்தான். இவரு டிவியப் பார்த்து, 'பொய் சொல்றான்'னாரு."

இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் அவன் வர்றப்பல்லாம் ஏதாச்சும் திட்டுவாரு. நேத்து கடைசி எபிசோடு. முடிஞ்சதும் என்னைப் பார்த்து, 'கமலா, வேற போடு'ன்னாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டாரு."

பிறகு மூத்தவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இதே மாதிரி மோசமா வேற ஏதாச்சும் இருந்தா சொல்லு."